சிராங்கூன் ரோட்டில் நான் பாட வைத்த ரேடியோகிராம்

என் வாய்ச்சாமர்த்தியத்தை நான் நம்பிய அளவுக்கு உலகத்தில் வேறு யாரும் நம்பியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ரேடியோ ஏஜென்சியில் விற்பனையாளனாகச் சேர்ந்தேன். ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த ரேடியோகிராமை இசைத்தட்டுக் கடைக்காரர்கள் தலையில் கட்டுவது வேலை. (அலமாரி அளவு இருக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும்.)

மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடியப்போகும் வாரம்வரை ஒரு கடைக்காரர்கூட மசியவில்லை. "சனிக்கிழமைக்குள்ள ஒரு ஆர்டராச்சும் கொண்டு வா. இல்லன்னா வராத" என்றார் மேனேஜர். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று ஃபேரர் பார்க்கில் ஒரு வீட்டில் வேறு சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மிச்சமிருந்தது சிராங்கூன் ரோட்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான். வியாழக்கிழமை காலை லாரியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். கடையில் பிளக் பாயிண்ட் கிடையாது. அந்தக் கால வழக்கப்படி பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வயரைச் சொருகினேன். பட்டப்பகலில் அந்த விளக்கின் சுவிட்சை யாராவது போட்டு வைத்திருப்பார்களா என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

"வால்வு சூடேற ஒரு நிமிஷம் ஆகும் பாய்" என்று சொல்லி, பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று அதன் பெருமையை அளக்க ஆரம்பித்தேன். சொல்லி வைத்தாற்போல் ஒரு நிமிடத்தில் நாதஸ்வரம் பொழிந்தது. கையைப் பின்னால் விட்டு ஒரு குமிழைத் திருகினேன்.

"இப்ப பேஸ், அதான் அடியில வர்ற கனத்த சத்தம், கூட்டியிருக்கேன். தவில் எப்படி இறங்குது பாருங்க!"

பாய் கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா தம்பி, வித்தியாசம் நல்லா தெரியுது லா."

கடையிலிருந்த நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். (அவர் காதுக்கு அந்தத் தெருவில் அவ்வளவு மரியாதை.) "ரெண்டு பெட்டி எடுத்துக்கிறேன்" என்று பாய் பேனாவைத் திறந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாக்கில் சனி. "நிறுத்தினா ஒரு கரகரப்புகூட இருக்காது, பாருங்க" என்று குமிழைத் திருகினேன். நாதஸ்வரம் நிற்கவில்லை. மறுபடி திருகினேன். இருந்த எல்லாக் குமிழ்களையும் திருகினேன். தவில் இன்னும் உற்சாகமாக முழங்கியது.

பலகைத் தடுப்புக்கு மேலே பக்கத்துத் தையல்கடைக்காரரின் தலை தெரிந்தது. "என்ன பாய், நம்ம கடை ரேடியோ சத்தம் ஜாஸ்தியா இருக்கா? கொறைக்கவா?"

கடையே வெடித்துச் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. என்னையாவது மன்னித்திருப்பார். அத்தனை பேர் முன்னால், இல்லாத பேஸுக்குத் தலையாட்டிய தன் காதை அவரால் மன்னிக்க முடியவில்லை. பேனாவை மூடினார்.

"பாய், சுவிட்ச மட்டும் போட்டுக் காட்டிடறேன்..."

"இனி நீங்க போட்டா என்ன, போடாட்டி என்ன? பெட்டியத் தூக்குங்க தம்பி."

சனிக்கிழமை வேலை போயிற்று. அடுத்த மாதமே அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது. பிறகு துறைமுகத்தில் குமாஸ்தாவானேன், கல்யாணமும் நடந்தது. ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் இந்தக் கதையை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் ரசம் மணக்கிறது என்று நான் பாராட்டினால் போதும். "நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல. அது பக்கத்து வீட்டு ரசம்" என்பாள். பேரப்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்கு லாரியின் பின்னால் அந்தப் பெட்டி விழுந்துவிடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஏஜென்சி வாசல்வரை அழுதுகொண்டே போனதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.