பக்கத்து மேஜைக்காரரின் தொப்பி பறந்த விவரம்

போய்ஸி, அக்டோபர் 9

பெருமதிப்பிற்குரிய ஹார்லன் அத்தானுக்கு எவரெட் வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் வலது காதும் சுகம்; இடது காதைப் பற்றி உறுதி கூற இயலவில்லை. தாங்களும் யூனிஸ் அக்காவும் குறைவின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன்.

துப்பாக்கி கிளப்பில், நண்பர்கள் லோவலுக்கும் வர்ஜிலுக்கும் நடுவில், உட்கார்ந்து குறிபார்த்துச் சுடும் மேஜை பன்னிரண்டு வருஷமாக என்னுடையது. தனிக்கட்டையான எனக்கு மனிதர்களோடு பேச வாய்ப்பதே அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான். அந்த மேஜை போய்விடும் போலிருக்கிறது, அத்தான். புதிதாக வாங்கிய குட்டைக்குழல் துப்பாக்கியின் முனையில் எதைத் திருகுவது என்று ஒரு மாதம் பட்டியல் போட்டேன். குழல் குட்டை என்பதற்காகவே அரசாங்க அனுமதி வாங்கிய களைப்பில், சைலன்சருக்காக மறுபடி கைரேகை கொடுக்கத் தெம்பில்லை. நெருப்பை மறைக்கும் மூடி தோளில் விழும் உதையைக் குறைக்காதாம். ஆகவே உதையைக் குறைக்கும் பிரேக்குக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டேன். அது வெடிப்பை இரு பக்கமும் திருப்பிவிடும் என்றுகூட எழுதியிருந்தேன்; அந்தப் பக்கங்களில் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதற்குத்தான் கட்டம் ஒதுக்கவில்லை.

முதல் குண்டிலேயே வர்ஜிலின் தொப்பி பறந்தது, காபி லோவலின் மடியில் கவிழ்ந்தது. காதுக்குள் நுரையடைப்பான், அதன்மேல் மின் காதுக்கவசம் என்று இரண்டும் போட்டிருந்தும், மூக்குக்கண்ணாடிக் காம்பு கவசத்தைத் தூக்கிவிட்டதால் என் காதிலேயே மணியடித்தது. அதைவிடக் கொடுமை, அந்தக் கவசம் வெடியை அடக்கி, மெல்லிய பேச்சைப் பெரிதாக்கித் தருவது.

"வாத்தியார் வேலைல இருந்தப்ப 'சத்தம் போடாதே'ன்னு பசங்கள அதட்டினதுக்கெல்லாம் சேர்த்து இப்பத் தீத்துக்கறாருய்யா" என்றார் லோவல்.

"என் பல்செட்டே கழண்டுடும்போல. கக்கூஸ் பக்கத்துல கடைசி மேஜைக்குத் தள்ளிடலாம். நீ சொல்லு."

"நான் எதுக்கு? தொப்பி உன்னுது, நீ சொல்லு."

மூன்று செவ்வாய்க்கிழமையா இதேதான் அத்தான், முகத்துக்கு நேரே மட்டும் சிரிக்கறாங்க, எனக்குச் சோறு எறங்கல. தள்ளுவதற்குமுன் நானே விலகிவிடுவது மரியாதை. விலகல் கடிதம் இணைத்திருக்கிறேன். பிழை திருத்தி அனுப்பவும். துப்பாக்கியைக் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிடுவேன்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் ஆசியை நாடும்,
எவரெட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது லோவல் போன் செய்தார். "வாத்தியாரே, அந்தச் சனியன் பிரேக்கக் கழட்டிட்டு வாங்க. சத்தத்த முன்னால தள்ளுற மூடி ஒண்ணு வர்ஜில் வாங்கி வச்சிருக்கான். துரத்திடலாம்னுதான் இருந்தோம். நேர்ல சொல்லத் தைரியமில்லாம, உங்க காதுல விழட்டும்னே பேசிக்கிட்டோம். ஆனா போன வாரம் நாங்களும் அதே கவசம் வாங்கிட்டோம், அதுல நீங்க பேசறதும் கேக்குது. ஒவ்வொரு குண்டுக்கு முன்னாடியும் 'மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க'ன்னு முணுமுணுக்கறீங்களே, அப்படிப்பட்ட மனுஷன எப்படிய்யா துரத்தறது?"

ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. ஆனால் அத்தான், மன்னிப்பை மட்டும்தான் முணுமுணுத்தேனா? வர்ஜில் குறிபார்க்கும் லட்சணத்தைப் பற்றியும் ஏதோ சொன்னதாக ஞாபகம்.