இல்லாத கைக்கு ஒரு தட்டு

கடைக்குப் போனால் இருக்கிற உடம்புக்கு வாங்காமல், இருந்திருக்க வேண்டிய உடம்புக்கு வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்தன்று இருந்த இடுப்பளவில் கால்சட்டை வாங்கி, மூச்சைப் பிடித்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, விருந்துக்குப் போன இடத்தில் உட்காராமல் நின்றே பேசுவார்கள். கைத்தடி வாங்கச் சொன்னால் பளபளப்பான பிடியாகப் பார்த்து வாங்குவார்கள், உயரத்தைப் பார்க்க மாட்டார்கள். முழங்கால் உறையை ஓர் அளவு சிறியதாக வாங்கி மாட்டி, கால் வீங்கியதும் மருத்துவரிடம் சண்டைக்குப் போவார்கள். பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வியாதி முற்றிவிடும்.

இந்த இனத்தில் முற்றிய காய் ஒன்றைப் பார்க்க ஆசையா? ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவுக்கு வாருங்கள். அங்கே டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தூரத்தில் ஒரு கம்பம், அதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. சின்னத் தட்டளவு பிளாஸ்டிக் வட்டை வீசுவது, விழுந்த இடத்துக்கு நடந்து போய் மறுபடி வீசுவது, ஒரு கூடைக்கு ஒரு பாதை, அப்படிப் பூங்கா முழுக்கப் பல பாதைகள், மொத்தத்தில் யார் குறைந்த வீச்சில் கூடைக்குள் சேர்க்கிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான். அங்கே தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழங்கையில் பட்டை, முதுகில் ஒரு குடும்பமே குடியிருக்கக்கூடிய பை, இத்தனையோடும் காற்றின் திசை பார்ப்பதற்காகப் புல்லைக் கிள்ளி எறிந்துகொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான் நம்மவர்.

பிழைப்புக்கு லிஃப்ட் பரிசோதகர். எட்டுப் பேர் என்று பலகையில் எழுதியிருந்தால் ஒன்பதாவதாக ஏறுகிறவர் நீதிபதியாக இருந்தாலும் இறக்கிவிடுவார். "மெஷினுக்குன்னு ஒரு அளவு இருக்குங்க. அதுக்கு மேல ஏத்திட்டு அப்புறம் மெஷினைத் திட்டக் கூடாது," என்பார். ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் அளவுப் பலகை மாட்டியவர், தன் வலது கைக்கு மட்டும் மாட்ட மறந்துவிட்டார்.

அந்தக் கையால் அவர் வீசுவது ஃபோர்ஹேண்ட். உள்ளங்கை வானத்தைப் பார்க்க, முழங்கையை இடுப்போடு ஒட்டி, மணிக்கட்டைச் சுண்டிவிடுவது. குளத்தில் ஓட்டாஞ்சில்லை எகிற விடுவோமே, கிட்டத்தட்ட அதே வித்தை. வலது கைக்காரர் அப்படி விட்ட தட்டு, வேகம் குறையக் குறைய வலப்பக்கம் சாய்ந்து இறங்கும். எவ்வளவு சாயும் என்பது தட்டின் குணத்தைப் பொறுத்தது. கடையில் அண்டர்ஸ்டேபிள் என்று எழுதியிருப்பதைப் பூங்காவில் சாது என்பார்கள். சாது, மெலிந்த கையால் விட்டாலும் பெரும்பாலும் நேராகப் போகும். முரட்டுக் கையால் விட்டால்தான் இடப்பக்கம் கவிழ்ந்துவிடும். இன்னொன்று ஓவர்ஸ்டேபிள், பூங்காப் பேச்சில் முரடு. முரடு வேகத்துக்கு மட்டுமே மரியாதை கொடுக்கும். வேகம் போதாவிட்டால் கையை விட்டதுமே வலப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் போய் முட்டும்.

நம்மவர் கை எந்தக் கை? மாவு டப்பாவின் மூடியைத் திறக்க மனைவியைக் கூப்பிடுகிற கை. அவர் வாங்கியது எந்தத் தட்டு? கேட்க வேண்டுமா?

கடைக்காரம்மா நன்றாகத்தான் விசாரித்தார்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். ஃபோர்ஹேண்டுக்கு."

"எவ்வளவு தூரம் போகும் உங்களுக்கு?"

"அது காத்தைப் பொறுத்ததுங்க."

கடைக்காரம்மா அவருடைய தோளை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ இதை எடுத்துக்குங்க. சாது. மெதுவா விட்டாலும் நேரா போகும்."

"மெதுவா விடுறவங்க வந்தா குடுங்க," என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே முரடான கறுப்புத் தட்டை எடுத்துக்கொண்டார். ஃபோர்ஹேண்டுக்கு முரடுதான் என்று ஏதோ வீடியோவில் ஒரு பையன் சொல்லியிருந்தான். அந்தப் பையனின் முன்கை, நம்மவர் தொடையளவு இருந்தது. அவன் கை விடுகிற வேகத்துக்குச் சாது கவிழ்ந்துவிடும், அதனால் அறிவுரை சரிதான். ஆள்தான் வேறு.

பிறகு நடந்தது பூங்காவின் வலப்பக்கத்து மரங்களுக்குத் தெரியும். டொக். அடுத்த மரம். டொக். பாதையில் வலப்பக்கம் மரமே இல்லாத இடத்தில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. டங். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. காற்று. பனி ஈரம். பின்னால் யாரோ இருமினார்கள். ஆட்டத்தில் அவருக்கு ஜோடி மனைவியின் தம்பி, பல் டாக்டர், பொறுமையான ஆள். அந்தப் பொறுமைக்கும் ஒருநாள் ஈறு தேய்ந்தது.

"மாமா, மனசுல வெச்சுக்காதீங்க. இந்த வருஷ ஜோடிப் போட்டியிலயும் கடைசிப் பாதையில குளத்துக்குள்ள விட்டீங்கன்னா, அடுத்த வருஷம் நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

நம்மவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையிடத்தில் அவரைக் கண்டால் எல்லோரும் படியேறிப் போய்விடுகிறார்கள். வாரம் ஒருமுறை தோளில் கைபோட்டு "நம்ம ரெண்டு பேரும்" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே ஆள் இந்த மச்சினன்தான். அவன் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை வெறும் கிழமை.

அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. கறுப்புத் தட்டு நேராகப் போக ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு நன்றாக. மரத்தில் மோதவில்லை, தொட்டியில் மோதவில்லை, கூடைக்குப் பக்கத்தில் போய்ப் பூனைபோல் உட்கார்ந்தது. நம்மவர் குளியலறைக் கண்ணாடி முன் கையை மடக்கிப் பார்த்தார். "தேறிடுச்சு," என்றார்.

தேறியது கையா? பிளாஸ்டிக் என்ன கல்லா? மரத்தில் மோத மோத விளிம்பு நசுங்கும், உடம்பு இளகும், முரடாகப் பிறந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சாதுவாகிவிடும். பூங்காவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நம்மவருக்கும் தெரியும். "உங்க தட்டு அடிபட்டு இளகிடுச்சு சார், மாத்துங்க," என்று மற்றவர்களுக்கு அவரே வலியப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

மச்சினன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, மாமாகிட்ட சொல்லிடலாமா?"

"எதுக்கு? தட்டு நேரா போகுதில்ல?"

"போகுது."

"வீட்டுலயும் மனுஷன் நேரா இருக்காரு. வாயை மூடிக்கிட்டு ஆடு."

வாயை மூடிக்கொண்டு ஆடியதில் போட்டி நாளும் வந்தது. அன்று காலை நம்மவர் பையிலிருந்து உறை பிரிக்காத தட்டு ஒன்றை எடுத்தார். அதே கறுப்பு, அதே முரடு, பளிங்குபோல் புதுசு. மச்சினன் முகத்தில் பல் பிடுங்கப்போகிறவன் களை போய், பிடுங்கிக்கொள்ளப்போகிறவன் களை வந்தது.

"மாமா, பழசு எங்க?"

"உங்கக்காகிட்ட குடுத்துட்டேன். அசிங்கமா இருந்துச்சு. அவளுக்கு அது போதும்."

"அதை வாங்கிட்டு வந்துடட்டுமா?"

"தம்பி, என் கை அந்தத் தட்டைத் தாண்டி எப்பவோ போயிடுச்சு."

அக்கா அந்த வருஷம் கடைக்காரம்மாவோடு ஜோடி சேர்ந்திருந்தார். காலை முழுக்க மச்சினன் ஒருவனே இரண்டு பேருக்கும் சேர்த்து ஆடினான். ஜோடிப் போட்டியில் இருவரும் வீசி, நல்லதாக விழுந்ததை வைத்துக்கொள்ளலாம் என்பதால் நம்மவரின் டொக்குகள் கணக்கில் வரவில்லை. கடைசிப் பாதைக்கு வந்தபோது அக்கா ஜோடியும் இவர்களும் சமம். முதலில் மச்சினன் வீசினான். கிளையில் பட்டுப் பாதியில் விழுந்தது. இனி எல்லாம் மாமா கையில்.

நம்மவர் புல்லைக் கிள்ளி எறிந்தார். காற்றே இல்லை. இடுப்பை ஒட்டி முழங்கை, பல்லைக் கடித்து ஒரு சுண்டு. புதுத் தட்டுக்கு அவரிடம் பழைய தயவு தாட்சண்யம் எதுவும் கிடையாது. கையை விட்டது, வலப்பக்கம் திரும்பியது, குளத்தில் நீந்திக்கொண்டிருந்த வாத்து ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. சளப்.

யாரும் இருமவில்லை. நம்மவர் திரும்பி ஒவ்வொரு தொண்டையாகப் பார்த்தார்.

அடுத்து அவர் மனைவி வந்தார். கைப்பையைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, அடிபட்ட பழைய கறுப்புத் தட்டை, தோசைக்கல்லில் மாவை விடுகிற அலட்டல்கூட இல்லாமல் சுண்டினார். அது நேராகப் போய்க் கூடைக்கு அடியில் உட்கார்ந்தது. ஆட்டம் முடிந்தது.

நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா? நான் பழக்கின தட்டு."

"ஆமா," என்றார் மனைவி. "நீங்க பழக்கினதுதான்."

மச்சினன் அக்காவின் பக்கம் நகர்ந்தான். "அக்கா, அடுத்த வருஷம் என்கூட?"

"சரி. மாமா பையைத் தூக்கிட்டு வரட்டும்."

வீட்டுக்கு வந்ததும் நம்மவர், குளத்திலிருந்து துழாவி எடுத்த புதுத் தட்டையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். புதுசு கத்திபோல் இருந்தது. பழசு வளைத்தால் வளைந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்லவேளையாக அடுத்த நொடியே விளக்கம் வந்து காப்பாற்றியது. "இப்போ வர்ற பிளாஸ்டிக் சரியில்லை," என்றார். மறுநாளே கடைக்குப் போய், "இதைவிட முரடா எதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கும் மச்சினனுக்கும் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கேட்பவர்களிடம் பயிற்சியாளர் என்கிறார். தோளில் கைபோட மச்சினன் இருக்கிறான், அதனால் சாப்பாடு இறங்குகிறது.

சிரித்தாயிற்றா? நல்லது. அலமாரியைத் திறந்து பழைய கால்சட்டைகளை எண்ணச் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று யோசித்துப் பாருங்கள். கொஞ்ச நாளாக வீட்டில் நீங்கள் சொல்வதற்கு யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, எல்லாம் நேராகப் போகிறது, நம் பேச்சுக்கு ஒரு பலம் வந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அப்படியானால் இன்று சாப்பாடு பரிமாறுகிறவரின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விளிம்பில் எத்தனை நசுங்கல் இருக்கிறது என்று.