கண் கழுவு படலம்

கண்ணுடையீர், கேளுங்கள்! கண்ணிருந்தும் அதைக் கழுவாதீர், நீங்கள் சற்று நெருங்கி வந்தே கேளுங்கள்! கடல் கடந்தோரையும் களிறு அடக்கினோரையும் பாடிப் பாடித் தொண்டை வறண்ட புலவர் கூட்டம் பாட மறந்த ஒருத்தியை இன்று பாடப் போகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அஞ்சிப் பதினோரு நாள் மறைந்து வாழ்ந்து, பன்னிரண்டாம் நாள் அதே தண்ணீரைப் படைக்கலமாக ஏந்திப் போர்க்களம் புகுந்தவள். பல் மருத்துவரின் வலக்கை. எச்சில் உறிஞ்சும் குழாயை ஏந்தி எத்தனையோ கடைவாய்களை வென்றவள். மூன்று அறையும் ஒரே குளியலறையும் கொண்ட மாடி வீட்டின் மூத்த மருமகள். வாழ்க அவள் இமை!

அவள் முகத்தில் முக்காற்பங்கு நாள் முழுவதும் முகக்கவசத்துக்குள் சிறையிருந்தது. மீதிக் காற்பங்கே அவள் ஆண்ட நாடு. அந்த நாட்டிலும் இயற்கை நட்டிருந்த இமைப்பயிர் சொற்பம். போதாததற்கு, மருமகள்கள் இருவருக்கும் அந்த வீட்டில் பட்டம் சூட்டிப் பதினைந்து ஆண்டாகிறது. மைத்துனன் மனைவியாகிய இளையவளுக்கு 'அழகு' என்றும், இவளுக்குப் 'பொறுப்பு' என்றும் மாமியார் சூட்டிய பட்டங்கள் அவை. விருந்தினர் வந்தால், "சின்னவ அழகு, பெரியவ பொறுப்பு" என்பார் மாமியார். பொறுப்பு என்ற அந்தச் சொல், சட்டைக்குள் புகுந்த முடித்துண்டு போலப் பதினைந்து ஆண்டாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே ஒரு புதன்கிழமை, எவரிடமும் சொல்லாமல் அழகுநிலையம் புகுந்தாள். இமைக்கு இமை மயிர் நடும் வித்தகியாகிய பார்லர்க்காரி இவளைக் கிடத்திக் கண்மூட வைத்து, வலப்புறம் நூற்றிருவரும் இடப்புறம் தொண்ணூற்றெண்மருமாக இருநூறு வீரரைப் பசையிட்டு நிறுத்தினாள். கண்ணாடியில் தன்னையே கண்டு, யாரோ என்று வழிவிட்டு ஒதுங்கினாள் நம் தலைவி. அந்நேரம் பார்லர்க்காரி பராமரிப்பு விதிகளை ஓதத் தொடங்க, பக்கத்து நாற்காலியில் ஒருத்தியின் ஈரக்கூந்தலை உலர்த்தும் பொறி ஊழிக்காற்றெனச் சீறியெழுந்தது. அந்தப் பேரிரைச்சலினிடையே தலைவியின் செவியில் விழுந்தவை மூன்றே சொற்கள்: "தண்ணி படக் கூடாது."

தனிக்குடித்தனம் போயிருந்த இளையவள் மறுநாளே வந்தாள். உற்று நோக்கினாள். உதட்டோரம் ஒரு சிரிப்பை நிறுத்திவைத்துக்கொண்டு அறைகூவினாள்: "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இதை வச்சுக் காப்பாத்தறது லேசு இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறத்து ஞாயிறு வருவேன். அது வரைக்கும் தாங்குதான்னு பார்ப்போம்."

இப்படித் தொடங்கியது பெருந்தவம். முகம் கழுவுகையில் கன்னத்துக்கு மேல் நீர் ஏறவில்லை. குளிக்கையில் தலை பின்னுக்குச் சாய்ந்து கூரையைப் பார்த்தது. உறக்கத்தில் அரசர் கல்லறைமேல் செதுக்கிய சிலை போல நெட்டுக்கு மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் படுத்திருந்த கணவன் இரண்டு முறை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தான். அந்த வாரம் தொலைக்காட்சியில் தாயும் மகளும் பிரிந்த காட்சியில் ஊரே விம்ம, இவள் மட்டும் அண்ணாந்து மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினாள்.

ஆனால் பகை வெளியிலிருந்து வரவில்லை. எண்ணெயும் வியர்வையும் தூசும் உதிர்ந்த தோலும் ஒன்றாகக் கூட்டுச் சேர்ந்து, வீரர்களின் காலடியில் மஞ்சள் நிறத்தில் கோட்டை கட்டின. இமைவிளிம்பு சிவந்தது. அரித்தது. சொறியலாகாது என்று தன் கைகளைத் தானே பிடித்துக்கொண்டாள். பதினோராம் நாளாகிய சனிக்கிழமை, நோயாளியின் வாய்க்குமேல் குனிந்த வேளையில் பல் மருத்துவர் இவள் கண்ணைக் கண்டு, கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "ஆறு மாசம் பல் தேய்க்காம வந்தவங்களைப் பார்த்திருக்கேன்மா. தேய்க்காத கண்ணை இப்பத்தான் பார்க்கறேன்" என்று திருவாய் மலர்ந்தார். வாய் திறந்து கிடந்த நோயாளியும் திறந்த வாயோடே சிரித்தார்.

நாணத்தால் எரிந்த தலைவி கழிவறைக்குள் புகுந்து பார்லர்க்காரிக்குத் தொலைபேசினாள். மறுமுனையில் இடி இறங்கியது: "ஐயோ, முதல் நாள் மட்டுந்தாங்க தண்ணி படக் கூடாது! அப்புறம் தினமும் கழுவணும். அதுக்குத்தானே நுரை பாட்டிலும் பிரஷும் பையில போட்டுக் குடுத்தேன்? நாளைக்குச் சாயங்காலம் வாங்க. அழுக்கு அப்படியே இருந்துச்சுன்னா மொத்தத்தையும் எடுத்துடுவேன்."

மொத்தத்தையும்! நாளை நண்பகலில் இளையவள் வருகிறாள். மாலையில் பார்லர்க்காரி வாளுருவிக் காத்திருக்கிறாள். நடுவே இருப்பதோ ஞாயிறு முற்பகல் ஒன்றே.

ஞாயிறு புலர்ந்தது. பத்து மணிக்குப் படைக்கலப் பையைத் திறந்தாள். நுரைக் குப்பி இருந்தது. சுருள் சீப்பு இருந்தது. பூனைவால் நுனியொத்த மென்தூரிகையைக் காணவில்லை. வீடெங்கும் தேடிக் கூடத்துக்கு வந்தவள் உறைந்து நின்றாள். அங்கே மாமனார், செவியிலிருந்து கழற்றிய காதுமெஷினை மடியில் வைத்து, அவள் தூரிகையால் அதன் துளையைச் சிவபதம் அடைந்தவர் போன்ற அமைதியோடு குடைந்துகொண்டிருந்தார்.

"மாமா! அது என் பிரஷ்!" என்று முழங்கினாள்.

மெஷின் மடியில் கிடக்க, வெறுஞ்செவியை நிமிர்த்தினார் பெரியவர். "பிரசவமா? யாருக்கும்மா?"

அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடிவந்து, "யாருக்குப் பிரசவம்? என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மருமகளின் வயிற்றை நோக்கினார். வதந்தியை அடக்கவே கால் மணி நேரம் போயிற்று. மீட்கப்பட்ட தூரிகையின் நுனியில் மாமனாரின் பல்லாண்டுச் செவிச்செல்வம் பழுப்பாய் அப்பியிருந்தது. அதைக் கண்ணருகே கொண்டு செல்லும் துணிவு எவருக்கு உண்டு? "பழைய டூத் பிரஷ் தரட்டுமா?" என்றார் மாமியார், உதவும் நல்லெண்ணத்தோடு.

டூத் பிரஷ் என்ற சொல் கேட்டதும் தலைவியின் உள்ளத்தில் மின்னல் வெட்டியது. ஓடினாள்; தன் கைப்பையைக் கவிழ்த்தாள். பல்லில் பசை தடவுவதற்கென்று மருத்துவமனையில் வைத்திருக்கும், தீக்குச்சியினும் மெலிந்த, உருண்டை நுனித் தூரிகைகள் பிரிக்காத பொட்டலமாய் அங்கே கிடந்தன! பதினைந்து ஆண்டு உழைத்த கைக்குத் தொழிலே படைக்கலம் வழங்கிய அந்தக் கணத்தில், வானோர் பூமாரி பொழிந்திருக்க வேண்டும்; மேல்வீட்டுக்காரர் துணி பிழிந்த தண்ணீர் சன்னலில் சொட்டியது.

குளியலறைக் கதவைத் தாழிட்டாள். கண்ணை மூடினாள். ஆறிய வெந்நீரால் இமையை நனைத்தாள். பதினோரு நாள் கண்டிராத நீர் பட்டதும் இருநூற்றுவரும் கொத்துக் கொத்தாய்ச் சாய, அவள் நெஞ்சும் சாய்ந்தது. ஆயினும் தளர்ந்தாளில்லை! நுரையை இமைமேல் இட்டு, வேரிலிருந்து நுனி நோக்கி, மேலிருந்து கீழாக, அயலார் பல்லில் காட்டும் அதே பொறுமையோடு தூரிகையை நடத்தினாள். மஞ்சள் கோட்டை இளகியது, இடிந்தது, கன்னம் வழியே ஓடி வடிகாலில் விழுந்தது. "உள்ள என்னதான் பண்ற? எனக்கு அவசரம்!" என்று கணவன் கதவை இடித்தான். "கண்ணைக் கழுவறேன்!" என்ற கர்ஜனை கேட்டு, பின்வாங்கிக் கீழ்வீட்டுக் கழிவறையில் தஞ்சம் புகுந்தான்.

அலசினாள். துவாலையால் துடைத்தால் நூல் சிக்கும் என்று காகிதத்தால் ஒற்றினாள். மின்விசிறியின் கீழ் நின்று, சுருள் சீப்பால் வீரரை ஒவ்வொருவராய் எழுப்பி வரிசைப்படுத்தினாள். வலப்புறம் இருவர், இடப்புறம் மூவர் களத்தில் மாண்டனர். ஏனையோர் கருகருவென்று விறைத்து நின்றனர். அரிப்பு அடங்கியது. இனி இளையவள் வரலாம். அவளுக்கென்று பதினான்கு வாக்கியங்களை உள்ளத்தில் தீட்டி வைத்திருந்தாள்.

மணி பன்னிரண்டடித்தது. இளையவள் வந்தாள். கூடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "கண்வலி" என்று மாமியாரிடம் முனகிவிட்டு, மூத்தவளைக் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்துத் தாழிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

அந்தோ! ஒரு கண்ணில் ஒட்டிய மயிர் கட்டை கட்டையாய்ப் பிசுபிசுத்தது. மறுகண்ணில் பாதி இமை மொட்டையாய் வீங்கியிருந்தது.

"உங்களைப் பார்த்துட்டுப் போனதுமே நானும் வச்சுக்கிட்டேன் அக்கா," என்றாள் இளையவள். "கழுவவே இல்ல. அரிப்பு தாங்காம எண்ணெய் வச்சு இழுத்துட்டேன். காலைல கண்ணே திறக்க மாட்டேங்குது. எல்லாரும் என்னை அழகுன்னே சொல்றாங்க அக்கா. இப்படி அவங்க முன்னாடி எப்படி நிப்பேன்?"

மூத்தவள் வாய் திறந்தாள். பதினான்கு வாக்கியங்களும் நாக்கின் நுனியில் அணிவகுத்து நின்றன. அந்தப் பட்டம் இந்த இளையவளையும் அரித்திருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இருந்தாலும் பெருந்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? பதினான்கில் ஒன்பதைச் சொல்லித் தீர்த்தாள். பிறகு புதுத் தூரிகை ஒன்றை எடுத்தாள்.

"முக்காலில உக்காரு. கண்ணை மூடு. கையை மடியில வை, தேய்க்காதே. இப்ப அழுக்கை மட்டும் எடுக்கறேன். சாயங்காலம் பார்லர்ல மிச்சத்தைக் கழட்டிடுவோம், காலைல கண் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

இளையவளின் மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் பெருகி நுரையோடு கலந்தோடியது. நீருக்கு அஞ்சிய பழைய நாள்களை மறந்த மாவீரி, குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு மயிராய், ஒவ்வொரு மயிராய், உலகமே வாயில் கைவைத்து வியக்கும் வண்ணம், ஒரு பேரரசின் எல்லையைத் துடைத்துச் செப்பனிடுபவள் போலத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு வீட்டில் எல்லாரும் சாப்பிட இரண்டரை மணி ஆகிவிட்டது.