ராகுகாலத்தில் உறைந்த மாப்பிள்ளை

இந்தப் போனுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர் வைத்தவரை நான் ஒருநாள் நேரில் சந்திக்க வேண்டும். அடிக்க மாட்டேன். எங்கள் தோட்டத்துக் கோடியில் கொண்டுபோய் நிறுத்தி, கையில் ஒரு போனைக் கொடுத்து, பெண்வீட்டாரோடு பேசச் சொல்வேன். அது போதும்.

எனக்கு அப்போது முப்பது வயது. லண்டனில், அப்டன் பார்க் பகுதியில் ஒரு போன் கடையில் வேலை. சிம் விற்பது, உடைந்த கண்ணாடி மாற்றுவது, "அன்ரி, டேட்டா முடிஞ்சுது, அதுதான் வேலை செய்யேல்லை" என்று நாள் முழுக்கச் சொல்வது. கலியாணத் தரகர் இதைப் பாரிஸில் இருந்த பெண்வீட்டுக்குக் கொண்டுபோகும்போது 'நெட்வேர்க் இஞ்சினியர்' ஆக்கிவிட்டார். (நான் எதிர்த்தேன். "நெட்வேர்க் தானே விக்கிறாய்?" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார்.)

சாதகம் பொருந்தியது. முதலில் வீடியோவில் பார்த்துப் பேசுவதென்று முடிவானது, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் மணிக்கூடு லண்டனைவிட முன்னால் ஓடுவதால் அங்கே ராகுகாலம் முதலில் வரும், இங்கே பிறகு. எந்த ஊர் ராகுவை மதிப்பது என்று இரண்டு அம்மாக்களும் வாதாடி, இரண்டுக்கும் முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டால் தோஷமில்லை என்று தீர்மானித்தார்கள். இடையில் துண்டித்து மறுபடி எடுத்தால் அது ராகுகாலத்தில் தொடங்கிய பேச்சாகிவிடுமாம். இந்தச் சட்டத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஹோலில், வைஃபைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எல்லாம் அழகாகத்தான் போனது. திரையில் பெண்ணின் அப்பா, அம்மா, நடுவில் பெண் மதுரா. அவள் ஒருமுறை சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். இனி நான் எதையும் கெடுக்காமல் இருந்தால் சரி.

அப்போது பார்த்து அம்மா, "தம்பி, அவைக்கு எங்கட கறிவேப்பிலையைக் காட்டு" என்றார்.

எங்கள் தெருவிலேயே லண்டன் குளிர்காலத்தைத் தாண்டிய கறிவேப்பிலை அது ஒன்றுதான். தோட்டத்துக் கோடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ராசாத்தி மாதிரி நிற்கிறது. மதுராவின் அப்பாவும், "ஓம் தம்பி, வளவையும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன்.

இந்த இடத்தில் நான் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. வைஃபை என்பது கம்பியில் வரும் இணையத்தை எடுத்து வீட்டுக்குள் பரப்பும் பெட்டி. சமையல் செய்யும் குசினியின் கதவைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். சிம் அப்படியல்ல, வெளியே நிற்கும் கோபுரத்தோடு பேசும். அந்தக் கோபுரம் எங்கள் தோட்டத்திலிருந்து கண்ணுக்கே தெரிகிறது! மூளையுள்ள எந்தப் பிராணியும் கோபுரத்துக்கு மாறியிருக்கும். என் போன் செத்துக்கொண்டிருந்த வைஃபையின் கடைசிக் கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. என் குரல் அவர்களுக்குப் போகவில்லை. என் முகம் அவர்கள் திரையில் உறைந்துவிட்டது. எப்படி உறைந்தது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, ஏன் தம்பி வாயைத் திறந்துகொண்டு நிக்கிறார்?" என்றார் மதுராவின் அம்மா.

"ஒரு கண்ணும் மூடியிருக்கு. ஏதும் வலிப்பு வருத்தம் இருக்கோ? தரகர் சொல்லேல்லையே" என்றார் அப்பா.

"எனக்கொண்டுமில்லை! நான் சுகமா இருக்கிறன்!" என்று கறிவேப்பிலையிடம் கத்தினேன். அழைப்பை வெட்டிவிட்டு மறுபடி எடுக்கலாமென்று விரலை நீட்டியபோது அம்மா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடேய், வெட்டாதை! பாரிஸிலை ராகு தொடங்கீட்டுது!"

"அம்மா, அவை என்னை வருத்தக்காரன் எண்டு நினைக்கினம்!"

"நினைக்கட்டும். வெட்டாதை."

சரி, வெட்டவில்லை. கடைக்கு வரும் அன்ரிமாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வைத்தியத்தையே செய்தேன். வைஃபையை அணைத்தேன். இனிப் போன் வேறு வழியில்லாமல் கோபுரத்துக்குப் போகும், படம் அசையும். சிக்னல் கோடுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. அழைப்பு அறுந்தது.

கோடுகள் கோபுரம் கிட்ட இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதன்வழி இணையம் வர சிம்மில் டேட்டா வேண்டும். வீட்டிலும் வைஃபை, கடையிலும் வைஃபை, எனக்கெதற்கு டேட்டா என்று நான் வாங்காமலே இருந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் டேட்டா விற்றவன்!

அன்று மாலையே தரகர் எடுத்தார். பெண்ணின் அம்மாவுக்குச் சகுனம் பிடிக்கவில்லையாம், வேறு இடம் பார்ப்போமாம். அம்மா கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மறுநாள் கடையில் நிற்கும்போது பிரெஞ்சு இலக்கம் ஒன்றிலிருந்து சாதாரண அழைப்பு. மதுரா.

"வைஃபையை ஓஃப் பண்ணினீங்களோ?"

"ஓம்."

"டேட்டா இல்லையோ?"

"இல்லை."

"நெட்வேர்க் இஞ்சினியருக்கோ?"

"நான் இஞ்சினியர் இல்லை. கடையிலை சிம் விக்கிறன்" என்றேன். நடப்பது நடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இதுவும் அறுந்துவிட்டதா என்று போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவள் மூச்சை அடக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவோடை நான் கதைக்கிறன். நீங்கள் முதல்லை டேட்டா வாங்குங்கோ" என்றாள்.

கதைத்தாள். கட்டிக்கொண்டோம். ஆனால் மாமனார் அந்த உறைந்த முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். (பெண்ணைப் பெற்றவர் செய்கிற வேலையா இது?) பாரிஸ், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் என்று சொந்தக்காரர் போன் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. யாருடைய படம் வீடியோவில் நின்றாலும், "மாப்பிள்ளை ஆயிட்டுது, வெட்டிப்போட்டு எடு" என்கிறார்கள்.

போன கிழமை டிவியில் கார்ட்டூன் நடுவில் நின்று, வட்டம் சுற்றத் தொடங்கியது. எங்கள் நாலு வயது மகள் குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா! டிவி அப்பா ஆயிட்டுது!"

பெற்ற தகப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.