மெர்போக் இறால்களை நான் ஊமையாக்கிய மாலை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆற்றின் சத்தத்தைக் கேட்க வாருங்கள் என்று ஊரைக் கூட்டிவிட்டு, கூட்டம் உட்கார்ந்ததும் ஆற்றையே மியூட் செய்த ஒரே ஒலிக் கலைஞன் நான்தான். (பட்டம் நானே கொடுத்துக்கொண்டது.)

கவிதாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு அவள் அப்பாவிடம் போயிருந்தேன். செமிலிங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

"தம்பி என்ன வேலை?"

"காட்டுல, ஆத்துல மைக் வெச்சு சத்தம் புடிப்பேன் அங்கிள். அதுல மியூசிக் பண்ணுவேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்து பாக்குறேன். அப்புறம் பேசலாம்."

ஆக, மெர்போக் ஆற்றுப் படகுத்துறையில் நான் நடத்திய நிகழ்ச்சிதான் எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம். 'நீருக்கடியில் சொடக்குப் போடும் இறால்கள், நேரடியாக!' என்று போஸ்டரும் நானே அடித்திருந்தேன். முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அங்கிள்.

மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி ஸ்பீக்கரைத் திறந்தேன். சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல் படபடவென்று ஒரே இரைச்சல். வயர் போச்சு!

"சாரி, சாரி, டெக்னிக்கல் ப்ராப்ளம் லா!"

வயரை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். ஸ்பீக்கரைத் தட்டிக் கொடுத்துக் கெஞ்சினேன். நிற்கவில்லை.

"தம்பி, உள்ள யாரு வடை சுடுறது?" என்றார் அங்கிள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) இரைச்சலை நீக்கும் ஃபில்டர் லேப்டாப்பில் இருந்தது. போட்டேன். சுத்தமாகத் துடைத்துவிட்டது.

"இப்ப கிளியர்! கண்ண மூடிக் கேளுங்க."

எல்லோரும் மூடினார்கள். நான் தலைகூட ஆட்டினேன். ஸ்பீக்கரிலிருந்து வந்தது ஒன்றுமே இல்லை. அங்கிள் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார்.

கவிதா என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "இறால் எங்க?"

"வரும், இரு."

"வந்தா எப்படிக் கேக்கும்?"

"படபடன்னு, எண்ணெய் கொதிக்கிற மாதிரி..."

சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். கவிதா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் பேசுகிற மைக்கைக் கையில் எடுத்தேன். "மன்னிக்கணும். ரிப்பேர் வயர்ல இல்ல, எனக்குத்தான். நீங்க கேட்டதுதான் இறால்."

ஃபில்டரை எடுத்துவிட்டேன். ஆறு வெடித்தது! மைக்கை நீரிலிருந்து தூக்கினால் அமைதி, இறக்கினால் படபட. கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அங்கிள் எழுந்து வந்து என் கையிலிருந்து வயரைப் பிடுங்கி, தானே தூக்கினார், இறக்கினார், தூக்கினார். வரிசையில் நின்ற யாருக்கும் தரவில்லை. இருட்டி, கொசு கடித்த பிறகுதான் விட்டார். அன்று ஜெராய் மலையே என்னைவிடக் குள்ளமாகத் தெரிந்தது.

கல்யாணமும் முடிந்தது. இன்றும் கவிதா கூப்பிட்டு என் காதில் விழாவிட்டால், "அப்பா ஃபில்டர் போட்டுட்டாரு!" என்று கத்துகிறாள் என் மகள்.

போன தீபாவளிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமனாரிடம் கேட்டேன். "என் கலையப் பாத்துத்தானே மாமா பொண்ணு குடுத்தீங்க?"

முறுக்கைக் கடித்தபடியே சொன்னார்:

"அன்னிக்கு அவ சிரிச்சா. குடுத்தேன்."