ஒன்றரை இருமல்

"இந்த வருஷம் அந்த அரங்கத்துல ஒரு கொசு பாடினாலும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவேன்!"

கதவுக்காரர் இப்படிச் சபதம் போட்டு மேசையில் ஓங்கிக் குத்தியபோது, தண்ணீர்க் குவளை பயந்துபோய் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தது.

கதவுக்காரர் என்றால், இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய கதவு, ஜன்னல், நிலை எல்லாம் கழற்றி வந்து விற்கிறவர். பத்து வயதில் ஆணி பொறுக்கத் தொடங்கி, வாயை மட்டும் முதலாகப் போட்டுக் கடை வைத்தவர். லாரி இரைச்சலுக்கும் சுத்தியல் சத்தத்துக்கும் மேலே விலை சொல்லிச் சொல்லி, அந்தத் தொண்டைக்கு ஒரே அளவுதான் பழக்கம். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள்.

சபதத்துக்குக் காரணம் மகள். பதினாலு வயது. பாலே ஆடுகிறாள். கால்விரல் நுனியில் மொத்த உடம்பையும் நிறுத்துகிற ஆட்டம் அது. ஆடுகிறவளோடு சேர்ந்து பார்க்கிறவனும் மூச்சை அடக்க வேண்டும். போன வருஷ ஆண்டு நிகழ்ச்சியில், இசை அடங்கி, அவள் நுனிவிரலில் நின்ற நேரத்தில், பின்வரிசையிலிருந்து யாரோ கத்திவிட்டார்கள். அவள் தடுமாறிப் பக்கத்துப் பெண் மேல் சாய்ந்தாள். அந்தப் பெண் அடுத்தவள் மேல் சாய்ந்தாள். மேடையில் மழைத்துளி வேஷம் கட்டியிருந்த எட்டுத் துளிகளும் முறைப்படி வரிசையாக விழுந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"எவனோ ஒரு காட்டான்," என்று கதவுக்காரர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் காட்டான் கத்தியது என்னவோ, "அடி என் தங்கமே! அப்படியே நில்லு, அசையாதே!" என்றுதான். எந்தக் காட்டான் அடுத்தவன் மகளை என் தங்கமே என்பான்? அரங்கத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் அது யார் குரல் என்று தெரியும். கதவுக்காரருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை எல்லாம் ஒப்புக்கொள்கிறவன் பழைய கதவு விற்க முடியுமா? முன்னால் ஒருத்தி பாக்கெட்டைப் பிரித்தாள், ஒருவனுடைய கைபேசி அலறியது, அந்த எரிச்சலில் வாய் தவறிவிட்டது. குற்றம் அவர்களுடையது. இப்படி விரிசலில் மெழுகு அடைத்து, மேலே பாலிஷும் போட்டு, மனசுக்குள் சாத்தி வைத்திருந்தார்.

இந்த வருஷம் மகளுக்கு மேடையில் தனியாக இரண்டு நிமிஷம். அதை அவர் பார்த்தே ஆக வேண்டும்.

"தள்றது அவ்வளவு லேசு இல்லீங்க," என்றாள் மனைவி. நடனப் பள்ளிக்கு உடை தைக்கிறவள் அவள்தான். மடி நிறைய வலைத்துணி.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. அதிகாரம் இல்லையே. டீச்சர் இந்தத் தடவை அமைதிப் பொறுப்பாளர்னு ஒருத்தரைப் போடறாங்க. கழுத்துல அட்டை, கையில டார்ச். சத்தம் போடறவங்களை அவர்தான் வெளியே அனுப்புவார்."

"யாரு அந்த அவர்?"

"உங்களுக்கு எதுக்கு அது? நம்ம பக்கத்து வீட்டுத் தபால்காரர் அண்ணன் கேட்டிருக்கார். பொறுமையான மனுஷன்."

கதவுக்காரருக்குச் சுருக்கென்றது. ஓய்வுபெற்ற அந்தத் தபால்காரர், கடையில் கிடக்கிற ஒரு பச்சை ஜன்னலுக்கு ஆறு மாதமாகத் தினமும் வந்து பேரம் பேசுகிறவர். இவரும் இறங்கியதில்லை, அவரும் ஏறியதில்லை.

"அந்த ஆளுக்கா? எனக்குச் சொல்லு அந்த வேலையை!"

"வேண்டாங்க. உங்களுக்குச் சரிப்படாது."

"எனக்கா? எனக்கா சரிப்படாது?"

"பொறுப்பான வேலைங்க. எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு."

"இப்பவே கேளு! இல்லே, நானே போறேன். செருப்பு எங்கே?"

வாசகர்களே, விற்கிறவன் நல்ல சரக்கைத் துணி போட்டு மூடி வைப்பான். 'அது விற்பனைக்கு இல்லை' என்பான். வாங்குகிறவன் தானாக வந்து துணியை இழுப்பான். முப்பது வருஷமாக ஊரார் மேல் கதவுக்காரர் காட்டிய வித்தை இது. சொந்த வீட்டு மேசையில் அதைப் பார்த்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நடனப் பள்ளியில் டீச்சர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். "முதல் தடவை ஒரு எச்சரிக்கை கொடுத்துப் பார்க்கலாம் சார்."

"எச்சரிக்கையா? அப்புறம் விருந்து வைப்பீங்களா? சத்தம் போட்டா வெளியே. இடைவேளை வரைக்கும் உள்ளே விடக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலுமா?" என்றாள் கூட வந்த மனைவி.

"என்னைப் பெத்த அப்பனே எழுந்து வந்தாலும்!"

"அப்போ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு யாரும் தகராறு பண்ணக் கூடாது பாருங்க."

அவர் எழுதினார். 'யாராக இருந்தாலும்' என்பதன் கீழே இரண்டு கோடும் போட்டார். மனைவி மை காய ஊதி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சியன்று மாலை நான்கு மணிக்குக் கதவுக்காரர் அரங்க வாசலில் அட்டையோடு நின்றார். பின்னால் இருந்த இரட்டைக் கதவு அவர் விற்றது. இடித்த ஒரு பழைய வங்கியிலிருந்து வந்தது. நாலு விரல் கனம். "உள்ளே பீரங்கி வெடிச்சாலும் வெளியே கேக்காது," என்று சொல்லித்தான் அரங்கத்தார் தலையில் கட்டினார். சாவித் துவாரத்தைக்கூடப் பித்தளைத் தகடு வைத்துத் தன் கையாலேயே அடைத்தார். வருகிறவர்களிடம் எல்லாம் கதவைத் தட்டிக் காட்டினார்.

விளக்கு அணைந்தது. ஆட்டம் தொடங்கியது. ஆச்சரியம் என்னவென்றால், கதவுக்காரர் அருமையாக வேலை செய்தார்.

முதலில் ஒரு வீட்டுத் தரகர். கைபேசி கூவியது. எடுத்துப் பேசவும் தொடங்கிவிட்டார். டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கட்டைவிரல் வாசலைக் காட்டியது. தரகர் போனார். அடுத்து, பாக்கெட்டை மெதுவாகப் பிரித்தால் சத்தம் வராது என்று நம்புகிற அம்மாள். ஒரே பாக்கெட்டை ஐந்து நிமிஷமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். டார்ச். கட்டைவிரல். மூன்றாவது ஒரு கணக்கு வாத்தியார். "இப்ப குதிப்பா பாரு... குதிச்சாளா? இப்ப சுத்துவா பாரு," என்று மனைவிக்கு விளக்கவுரை சொன்னவர். அவரும் வெளியே.

ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் சைகை. நாலாவது வரிசையிலிருந்து மனைவி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பூரித்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் வியர்த்துப் போயிருந்தாள்.

திரை மூடியது. இடைவேளைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான். மகளுடையது. அரங்கம் இருட்டில் காத்திருந்தது. கதவுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். இந்தத் தடவை கத்தமாட்டேன், சத்தியமாகக் கத்தமாட்டேன்.

மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"லொக்," என்றார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தபால்காரர்.

டார்ச் பாய்ந்தது. கட்டைவிரல் வாசலைக் காட்டியது. தபால்காரர் அசையவில்லை.

"ஒரு இருமல்தானே அண்ணே. கண்டுக்காதீங்க," என்றார் மெதுவாக.

"ஒண்ணுன்னாலும் ஒண்ணுதான். எழுந்திருங்க," என்றார் கதவுக்காரர், தன் வாழ்நாளிலேயே மிக மெல்லிய குரலில்.

"நியாயமா பேசுங்க. ஆட்டம் முடியறவரைக்கும் எனக்கு மூணு இருமல் கொடுங்க. அதுக்கு மேல இருமினா நானே போயிடறேன்."

கதவுக்காரருக்குக் காதுமடல் சூடாகியது. மூணா? எடுத்த எடுப்பில் மூணு கேட்கிறவன், மனசுக்குள் இரண்டுக்குத் தயாராக இருப்பான்.

"ஒண்ணுகூடக் கிடையாது."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ரெண்டு."

"ரெண்டா? இருமலோட தரம் என்ன, நீங்க கேக்கறது என்ன?"

"நெஞ்சிலிருந்து வர்ற சுத்தமான இருமல் அண்ணே. வெளியே எங்கே வேணாலும் விசாரிச்சுக்கோங்க."

"ஒண்ணு! அதுவும் துண்டால வாயைப் பொத்திக்கிட்டு!"

"ஆறு மாசமா உங்ககிட்ட வர்றவன் நான். எனக்கே இப்படின்னா எப்படி? ரெண்டுக்குக் குறைஞ்சா எனக்குக் கட்டாது."

"கட்டாதுன்னா போய்யா! கடைசியா சொல்றேன்! ஒண்ணரை! ஒண்ணரை இருமல்! இஷ்டம் இருந்தா எடு, இல்லேன்னா நடையைக் கட்டு!"

முந்நூறு தலைகள் திரும்பின. பியானோ வாசிக்க வந்தவர் கையைத் தூக்கியபடியே உறைந்து போனார். 'ஒண்ணரை' என்ற சொல் கூரையில் முட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் கதவுக்காரர் காதுக்கே வந்து சேர்ந்தது.

அப்போதுதான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. போன வருஷம் கேட்ட அதே குரல். இந்தத் தடவை மெழுகு வைத்து அடைக்க ஓட்டை எதுவும் இல்லை.

மனைவி எழுந்து வந்தாள். நான்காக மடித்த காகிதத்தைப் பிரித்து அவருடைய டார்ச் வெளிச்சத்திலேயே பிடித்தாள்.

"யாரா இருந்தாலும்னு எழுதியிருக்குங்க. ரெண்டு கோடு வேற."

"இவர்தான்டி முதல்ல இருமினார்..."

"அவரும் வரார். நீங்க முதல்ல நடங்க."

டீச்சர் வந்து கழுத்து அட்டையைக் கழற்றிக்கொண்டார். டார்ச்சையும் வாங்கி, அந்த வெளிச்சத்திலேயே அவருக்கு வாசல் காட்டினார். நடைபாதையின் இருபுறமும் முகங்கள். வீட்டுக்கு நிலை மாட்டிய வாடிக்கையாளர்கள்கூட இருந்தார்கள். கதவுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இடது செருப்பில் ஒரு தையல் விட்டிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் விற்ற கதவு அவர் முதுகுக்குப் பின்னால் மூடியது. ஒரு சத்தமும் இல்லாமல். அவ்வளவு நல்ல கதவு.

வெளியே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க சார்," என்றார் தரகர், நகர்ந்து இடம் விட்டபடி. "உங்களுக்கும் போன் வந்துச்சா?"

பாக்கெட் அம்மாள் பாக்கெட்டை நீட்டினார். "இப்ப தாராளமா மெல்லலாம் சார். இங்கே யாரும் தொரத்த மாட்டாங்க."

பின்னாலேயே வந்த தபால்காரர் ஓரமாக உட்கார்ந்தார். அவருக்கு இருமல் சுத்தமாக நின்றுபோயிருந்தது.

கதவுக்காரர் கதவில் காது வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாவித் துவாரத்தில் கண் வைத்தார். பித்தளைத் தகடு, அதற்குள் தன் முகம். நாலு திருகாணி போட்டு இறுக்கியவரும் அவர்தான். திரும்பி வந்து கணக்கு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார்... இப்ப உள்ளே என்ன நடக்கும்?"

வாத்தியார் மூக்குக்கு மேல் இருந்த கோபத்தை ஒரு நிமிஷம் காப்பாற்றிப் பார்த்தார். முடியவில்லை. "இப்ப திரை விலகியிருக்கும். ஓரத்திலிருந்து மெதுவா வருவா பாருங்க. இப்ப கையை விரிப்பா. இப்ப எம்புவா... நுனிவிரல்ல நிக்கறா. நிக்கறா. இன்னும் நிக்கறா சார்!"

கதவுக்காரர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தார்.

"போன வருஷம் கத்தினது நான்தான்," என்றார்.

"தெரியும் சார்," என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து கைதட்டல் அணை உடைந்த மாதிரி வந்தது. மனைவி வந்தாள். பின்னாலேயே மகள், தலைமுடியை இறுக்கி முடிந்து, வெள்ளை உடையில், மூச்சிரைக்க.

"அப்பா! ஆடிட்டேன்! ஆடவே இல்லை!"

ஆட்டமும் ஆடினாள், கால் ஆட்டம் காணவும் இல்லை என்று சொல்கிறாள். அது அவருக்குப் புரிந்தது. பார்த்தேன் கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருட்டில் பின்னால் நின்றேன் என்றால் நம்புவாள். எத்தனையோ உளுத்த கதவைத் தேக்கு என்று சொன்ன வாய்தான். அன்றைக்கு அது வரவில்லை.

"நான் பாக்கலைம்மா," என்றார் தரையைப் பார்த்து. "சத்தம் போட்டேன். வெளியே தள்ளிட்டாங்க."

"தெரியும்பா."

"அதுக்குள்ளே யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. நீங்க என் ஆட்டம் வரைக்கும் கத்தாம உள்ளேயே இருந்துட்டா என்ன பண்றதுன்னு அம்மா பயந்தாங்க. என்னைப் பார்த்ததும் எப்படியும் கத்துவீங்கல்ல? தபால்காரர் மாமாவைப் பேரம் பேசச் சொன்னா முன்னாடியே கத்திடுவீங்கன்னு நான்தான் சொன்னேன்."

கதவுக்காரர் தபால்காரரைப் பார்த்தார். தபால்காரர் கூரையைப் பார்த்தார்.

"அந்த ஆளுக்கு என்ன கொடுத்தீங்க?"

"பச்சை ஜன்னல்," என்றாள் மனைவி.

ஆறு மாதம் இறங்காத ஜன்னல். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. உங்களை வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வரணும்னுதான் அம்மா நின்னாங்க. நான்தான் பேரம் பேசி, இந்த அரங்க வாசல் வரைக்கும் இறக்கினேன்."