நெவெனா ஏன் மருந்துக்கடைக்கு வரமாட்டாள்

நோவி சாத்,
வியாழன் காலை.

மதிப்பிற்குரிய கோய்கோ அத்தானுக்கு,

மைத்துனன் ஸ்வெதிஸ்லாவ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மூட்டுவலியும் ஸ்லவ்கா அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவருக்குத் தபால் எதற்கு என்பீர்கள். போனில் இரண்டு முறை "நெவெனா..." என்று ஆரம்பித்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா?

உங்கள் மருந்துக்கடையில் என் மகள் நெவெனாவுக்காக வைத்திருக்கும் வேலை வேண்டாம் அத்தான். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் அவள் ஆய்வகத்தில் மின்சார வேலை நடந்தது. அதனால் செல்களைப் புதைத்து வளர்க்கும் கூழ் உறைந்திருந்த சீசா ஒன்றை மெதுவாக இளகவிட, வீட்டுக் குளிர்பெட்டிக்குக் கொண்டுவந்தாள். பேராசிரியர் கொடுத்திருந்த கடைசி வாய்ப்பு அது. இந்தமுறையும் செல்கள் பால் சுரக்காவிட்டால் அங்கே அவளுக்கு இடமில்லை, நேராக உங்கள் கல்லாதான். "அப்பா, இதத் தொடாதீங்க" என்றாள். நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் மறுநாள் எங்கள் குலப் புனிதரின் விருந்து, பன்றிக்கால் சாறு குளிரில் கூழாக உறையும் பிஹ்தியேவுக்குப் பெட்டியில் இடம் வேண்டும். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை உணவகத்தில் பிஹ்தியே உறையவைத்த கை இது. சீசாவை ஆட்டிப் பார்த்தேன், தண்ணீராய் ஓடியது. இதெல்லாம் ஒரு கூழா என்று மேசைமேல் எடுத்து வைத்தேன். அரைமணியில் கெட்டியாக உறைந்துவிட்டது! குளிரில் இளகி, வெதுவெதுப்பில் உறையும் பண்டத்தை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

"ஐயோ அப்பா, இனி இது இளகவே இளகாது!" என்று அழுதாள்.

"அழாதம்மா, என் பிஹ்தியேல ஒரு கிண்ணம் எடுத்துட்டுப் போ. எப்படி நிக்குது பாரு!"

அழுகையோடு சிரித்துவிட்டாள். "அதுல இருக்கறது கொலாஜன்ப்பா. அதுல வெச்சா செல்லுங்க உள்ள எது வெளிய எதுன்னு தெரியாம திரும்பி நிக்கும். எனக்கு வேண்டியது லாமினின்ங்கற புரதம், அது இந்தக் கூழ்லதான் இருக்கு."

என் பிஹ்தியேவை இதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் தப்பு என்னுடையது. ஆய்வகத்தில் மிச்சம் இருந்தது ஒரு கரண்டியளவு கூழ். மூன்று கிண்ணம் வைக்க வேண்டியவள், ஒரே கிண்ணத்தில் எலியின் பால்சுரப்பிச் செல்களைப் புதைத்தாள். பக்கத்தில், கூழே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் அதே செல்கள். பத்து நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாள். "வந்து பாருங்கப்பா."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். வெறும் கிண்ணத்தில் இருந்தவை கோடைக்கால டான்யூப் கரையில் ஆட்கள் கிடப்பதுபோல் தட்டையாய்க் கிடந்தன, ஒரு சொட்டு இல்லை. கூழில் இருந்தவையோ கைகோத்து உருண்டையாகி, உள்ளே சின்ன அறை கட்டி, எல்லாம் அந்த அறையைப் பார்த்து நின்றன. நடுவில் பச்சையாக ஒளிர்ந்தது. "அதுதான் பால் புரதம், தெரியறதுக்காகப் பச்சைச் சாயம் ஏத்தியிருக்கேன்" என்றாள். "ரெண்டுலயும் அதே செல்லு, அதே தீனி, அதே ஹார்மோன். படுக்கை மட்டும் வேற. லாமினினப் பிடிச்சுக்கிட்டதும்தான் தான் யாருன்னு அதுங்களுக்குத் தெரியுது."

அத்தான், கண்ணுக்கே தெரியாத ஒன்று எதைப் பிடித்து நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், நான் பெற்ற பெண்! இடத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துவிட்டார் பேராசிரியர். இவளையா இருமல் மருந்து விற்கச் சொல்வது?

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் மூட்டுகள் நீடூழி மடங்கி நிமிர ஆண்டவன் அருளட்டும்.

உங்கள் மைத்துனன்,
ஸ்வெதிஸ்லாவ்

பி.கு.: கடிதத்தை நெவெனாவிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. ஆனா அந்த வேலைய விட்டுடாதீங்க" என்கிறாள். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கட்டுரை எழுதப் போகிறாளாம், நான் பக்கத்தில் இருந்தால் ஒரு வரி ஓடாதாம். ஆகையால் வேலையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை நானே வருகிறேன்.